ஏழு என்று விழுந்த ஒன்று

கப்பலூர் சிட்கோவில்
சோப்புக் கம்பெனிக்கும் ரப்பர் கம்பெனிக்கும் நடுவே
எங்கள் கொட்டகை.
தகரத்துக்குப் பெயர் வைக்கிற வேலை எனக்கு.

தகரம் என்றால் இக்னேஷியஸ் சாருக்குக் கோபம் வரும்.
துருப்பிடிக்காத எஃகு, அரை மில்லிக்கும் கீழே.
மேலே வெள்ளைப் பூச்சு,
அதன்மேல் கருப்பில் கோடுகள், எண்கள்.
ஓரத்தில் கம்பி கோக்க ஒரு துளை,
மூக்குத்தித் துளையைவிடக் கொஞ்சம் பெரிசு.

அடுத்த தெரு கால்வனைசிங் யார்டுக்குப் போகும் அவை.
மின்கோபுரத்தின் ஒவ்வொரு எலும்பிலும் ஒன்றைக் கட்டி
முதலில் அமிலத் தொட்டி,
பிறகு தண்ணீர், பிறகு உப்புக் கரைசல்,
பிறகு நானூற்றைம்பது டிகிரியில்
அசையாமல் மினுங்கிக்கொண்டிருக்கும் துத்தநாகம்.
சாக்பீஸ் போகும், கயிறு போகும்,
பெயிண்டில் எழுதியது புகையாய்ப் போகும்.
அமாவாசை அண்ணன் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார்.
ஒட்டியிருந்த துத்தநாகத் தோல்
பொரிபோல உதிரும்.
உள்ளே என் எழுத்து
நான் விட்ட இடத்திலேயே இருக்கும்.
ஸ்கேனர் கீக் என்று ஒத்துக்கொள்ளும்.

பவுன்தாய் என்கிற என்னை
ரேஷன் கார்டில் பவுந்தாய் ஆக்கியவரையும்
பேங்க்கில் பவுன்தாஸ் ஆக்கியவரையும்
திட்டாத மாதமில்லை.
நான் அடித்தால் பிசகாது என்றிருந்தேன்.

எதிர்சேவைக்கு முந்தின ராத்திரி.
பாதிப் பேர் லீவு.
யார்டிலிருந்து வந்த பட்டியலில்
ஓர் ஒன்றின் தலையில்
சின்னதாக ஒரு கொக்கி.
ஏழு என்றது கண்.
ஏழு என்று அடித்தது விரல்.

அது அமிலத்தில் கரையவில்லை.
துத்தநாகத்தில் வேகவில்லை.
லாரியில் கோடை மழை குடித்து
பேரையூருக்கு மேற்கே ஒரு மொட்டைக் கரட்டில்
பன்னிரண்டு தோள்களில் ஏறிப் போய்ச் சேர்ந்தது
வேறொரு கோபுரத்தின் கால்.
போல்ட் துளைகள்
சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி
முகத்துக்கு முகம் பார்க்காமல் நின்றனவாம்.

நாள் கூலி போச்சு, வின்ச் வாடகை போச்சு என்று போன்.
சார் ஸ்பீக்கரில் போட்டார்.
கத்தி முடித்து, மூச்சு வாங்கி, அந்த ஆள் சொன்னார்:
"டேக்ல ஒரு குறை சொல்ல முடியாது சார்.
புதுசு மாதிரியே இருக்கு."
யாரும் சிரிக்கவில்லை.
எனக்கு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

எழுநூறு ரூபாய் பிடித்தார்கள்.
அதிலும் ஒரு ஏழு.

அந்தத் தகட்டைத் திருப்பிக் கேட்டேன்.
கல்லுப்பட்டி லாரி டிரைவர்
வெற்றிலை மடித்த தாளில் சுற்றிக் கொண்டுவந்தார்.
தேங்காய் நாரில் தேய்த்தேன்.
ராத்திரி முழுக்கப் புளியில் ஊறவைத்தேன்.
தின்னர். ஆணி. கேஸ் அடுப்பின் நீல நாக்கு.
வாடிக்கையாளர்களிடம் நான் அளந்த பெருமையெல்லாம்
வரிசையாக வந்து
எனக்கு எதிராகவே சாட்சி சொல்லிப் போனது.

இப்போது மோட்டார் ரூம் சாவியில் தொங்குகிறது.
"கோபுரக் கால் எங்கே?" என்றால்
என் வீட்டுக்காரர் சாவியைத் தேடுகிறார் என்று அர்த்தம்.

மூணு வாரம் கழித்து டீக்கடையில்
கிளாஸைப் பார்த்துக்கொண்டே அமாவாசை அண்ணன் சொன்னார்:
"அந்தக் கொக்கி நான் போட்டதுதான் தாயி."
முந்நூற்றைம்பது ரூபாயை நீட்டினார்.
பஜ்ஜி மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஒன்றுக்கும் யார்டுக்குப் போன் செய்தேன்.
ஒன்னாண்ணே, ஏழா?
பொறுத்துப் பார்த்தார்.
போன திங்கள் வந்த பட்டியலில்
ஒன்று வருகிற இடத்திலெல்லாம் எண்ணுக்குப் பக்கத்தில்
பால்பாயிண்டால் அழுத்தி எழுதியிருக்கிறார்:
ஒன்னு.
ரெண்டு சுழியா மூணு சுழியா என்று
சார் அதற்கும் ஒரு சந்தேகம் கிளப்பினார்.

மெஷின் எழுத்தை வாங்காது, எண் மட்டும்தான்.
ஆனாலும் ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான்
விரலை வைக்கிறேன்.